பெரிய கப்பலின் காவல்காரரோடு ஒரு மதியச் சாப்பாடு

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் மகன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு முதலில் கேட்டது, "அம்மா, உள்ளுக்க எல்லாருக்கும் இங்கிலிஷிலதானே பதில் சொன்னனீங்கள்?" என்பதுதான்.

"வேறெதில சொல்லுறது?" என்றேன். குடிவரவு மேசையில் இருந்த பெண் என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதென்று பாராட்டியதையும் சொன்னேன். அவன் தானே பரீட்சையில் சித்தியடைந்ததுபோலச் சிரித்தான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே யாருக்கோ தொலைபேசியில் அதைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

எங்கள் நாட்டில் போர் முடிந்து ஒரு மாரிமழைகூட இன்னும் பெய்திருக்கவில்லை. நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தீபன் எங்களுக்கு ஒரே பிள்ளை. வெளியே போன பிள்ளைகள் வீடு திரும்பாத ஒரு காலத்தில், உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு அவனை நாட்டைவிட்டு அனுப்பினோம். அவனுடைய தாடி வைத்த முகத்தை அன்றுதான் நேரில் கண்டேன்.

மகனைப் பார்ப்பது பயணத்துக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு கப்பல். இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரிட்டிஷ்காரரின் பெரும் போர்க்கப்பல் ஒன்று நின்றது. அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் ஊர்ப் பழைய ஆட்களின் வாயில் வராது. 'பெரிய கப்பல்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அதில் வேலை செய்த வோல்ட்டர் என்ற கனடாக்காரர் இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கேதான் தீபனுக்கு வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இவனுக்குச் சொந்த ஊர் திருகோணமலை என்று அறிந்த நாளிலிருந்து அவர் இவனை விடுவதில்லையாம். பழைய கடற்படையினர் மாதத்துக்கு ஒருமுறை கூடி மதிய உணவு சாப்பிடுவார்கள். அந்தத் துறைமுகம் இப்போது எப்படி இருக்கிறதென்று யாராவது வந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். "என்ர அம்மா வாறா. அவ இங்கிலிஷ் ரீச்சர். அவவே வந்து கதைப்பா" என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

பாடசாலையில் யாராவது கேட்டால், "மகன் ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை" என்றுதான் நான் சொல்லிவந்தேன். அவனோ தன் வேலையிடம் முழுவதும் என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்திருக்கிறான். பெருமையாகக் காட்டுவதற்கு அவனிடம் நான் ஒருத்திதான் இருந்தேன் போலும். ஆகவே அந்த மதியச் சாப்பாட்டில் நான் நன்றாகப் பேசியாக வேண்டும். அவன் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். பெட்டியில் கருவாட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே என் ஆங்கில உரை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஊர் நூலகத்துப் பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதிய உரை அது. பெரிய கப்பல் பிரான்சுக் கரையோரம் கடற்கண்ணியில் அடிபட்டது, அமெரிக்காவுக்குப் போய்த் திருத்தப்பட்டது, கடைசியாக எங்கள் துறைமுகத்துக்கு வந்தது, மலாயாக் கரையில் கண்ணி வாரிய சிறு கப்பல்களுக்குக் காவலாகப் போனது என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தேன். அவர்களுடைய போரைப் பற்றி அப்படி எழுத முடிகிறது. எங்களுடையதைப் பற்றி ஒரு வசனத்தைச் சத்தமாகச் சொல்லவும் எனக்கு இன்னும் துணிவில்லை.

தீபன் இருப்பது ஸ்காபரோவின் மல்வேர்னில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில். மேலே வீட்டுக்காரர்கள். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். கணவர் கூரை வேலைக்குப் போகிறார், மனைவி நஸீமா வீட்டிலிருந்தே சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார். ஊரில் எங்களுக்கும் கிண்ணியாவுக்கும் நடுவே ஒரு கடல்துண்டுதான். இங்கே ஒரு படிக்கட்டு. நான் போய்ச் சேர்ந்த அன்றே அவர் இடியப்பமும் மீன் சொதியும் கொண்டு இறங்கி வந்தார்.

"வாங்க டீச்சர். உங்களப் பத்திக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போயிட்டு. உங்கட மகன் தபால் கொண்டு வாற வெள்ளக்காரனுக்கும் சொல்லியிருக்கார், எங்கட அம்மா இங்கிலிஷ் டீச்சரெண்டு."

"அன்ரி, சும்மா இருங்கோ" என்றான் தீபன்.

"மறுகா என்ன, பொய்யா? டீச்சர், என்ட சின்னவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. இங்க பொறந்தும் இங்கிலிஷில பெயிலாகுறான்."

சொதியில் தேங்காய்ப்பால் தகரத்திலிருந்து வந்தது என்று முதல் வாயிலேயே தெரிந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது. ஊரில் சில மாதங்களாக நான் சமைத்த எதுவும் எனக்கு ருசித்ததில்லை.

அடுத்த நாள் தீபன் வேலைக்குப் போனபின் தனியாக பஸ் ஏறினேன். ரொறன்ரோ பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நடத்துனர் இல்லை, பாட்டு இல்லை, கூடையும் கோழியும் இல்லை. இருக்கைகூடக் கிடைத்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சாரதி பஸ்ஸை நிறுத்தினார், எழுந்தார், கோப்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

நானும் இறங்கினேன். ஊரில் பஸ் அப்படி நின்றால் எல்லாரும் இறங்குவோம். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இராணுவத் தடையைத் தாண்டி நடந்து, பஸ் சோதனை முடிந்து வரும்வரைக்கும் அந்தப் பக்கம் காத்துநிற்போம். நான் நடைபாதையில் நடந்து, ஒரு விளக்குக் கம்பத்தடியில் அட்டையோடு நின்றேன். என் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சாரதிகள் கைமாறும் இடமாம் அது. புதிய சாரதி பஸ்ஸை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். என் குடை ஜன்னலோரம் உட்கார்ந்து போனது.

குழந்தை வண்டி தள்ளிவந்த ஒரு பெண் வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள். "என் பஸ்ஸைச் சோதித்து அனுப்புவார்கள், அதற்காக நிற்கிறேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

பின்னேரம் தீபனும் சிரித்தான். "அன்ரி, அம்மாவுக்கு பஸ்ஸை நடந்தே முந்தோணும் எண்டு ஆசை" என்று படிக்கட்டில் நின்று மேலே கத்தினான். "டீச்சருக்கு நான் வேற குடை தாறன்" என்று பதில் வந்தது. நானும் சிரித்தேன். யாருக்கும் நட்டமில்லாத பிழைதானே.

சனிக்கிழமை தீபன் என்னை ஒரு தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போனான். முருங்கைக்காயும் பனங்கட்டியும் ஊரைவிட ஒழுங்காக அடுக்கியிருந்தன. கடைக்காரர் நான் எங்கிருந்து வந்தேன் என்று அறிந்ததும் தராசை விட்டுவிட்டார்.

"அங்க நிலைமை எப்பிடி ரீச்சர்? உண்மையைச் சொல்லுங்கோ."

நான் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். "இப்ப பரவாயில்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வரிசையில் நின்ற ஒருவர், "அன்ரி, இஞ்ச பயமில்லாமல் கதைக்கலாம். இஞ்ச ஒருத்தனும் ஒட்டுக் கேக்கமாட்டான்" என்றார்.

"ஏன் அண்ணை, நீங்கள்தானே காதைத் தீட்டிக்கொண்டு நிக்கிறியள்" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். என் தங்கையின் குடும்பம் முள்வேலிக்குள் ஒரு கூடாரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் வெண்டிக்காயின் விலையைக் கேட்டேன். தீபன் காசைக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டான்.

மதியச் சாப்பாட்டு நாளும் வந்தது. நீலக் கரை போட்ட சேலை உடுத்தேன். உரையையும், வோல்ட்டருக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டை வடை டப்பாவையும் கைப்பையில் வைத்தேன். தீபன் சேர்ட்டை இரண்டுதரம் அழுத்தி மினுக்கினான். போகும் வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். "மாட்டிறைச்சி வேண்டாம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன், உங்களுக்கு மீன் வரும். என்ர மனேஜரும் வாறா. நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ. பயப்பிடாதையுங்கோ."

"நான் ஏன் பயப்பிடுறன்? ஒவ்வொரு நாளும் நாப்பது பிள்ளையளுக்கு முன்னால நிக்கிறவள்."

"அதுதானே" என்றான். சந்தோசமாக இருந்தான்.

மண்டப வாசலில் ஒரு முதியவர் நின்றார். கறுநீல மேலங்கி, சாய்த்து வைத்த தொப்பி, நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள். என்னைக் கண்டதும் ஓரடி முன்னே வந்து வலது கையை நீட்டினார்.

என்ன செய்தேன் என்பதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அடையாள அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கைப்பையைத் திறந்து, அவர் உள்ளே பார்க்கும்படி சரித்துப் பிடித்தேன். டப்பாவின் மூடியைக் கழற்றி, மேலே இருந்த வடைகளை விரலால் ஒதுக்கி, அடியில் வேறெதுவும் இல்லை என்று காட்டினேன். பிறகு கைகளை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு, பெண் காவலர் வந்து தடவிப் பார்ப்பதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

பெண் காவலர் வரவில்லை. மண்டபத்துக்குள் கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது.

திரும்பிப் பார்த்தபோது அந்த மனிதர் என் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கை கொடுப்பதற்காக நீட்டிய கை அது. அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். "மிகவும் நல்ல புகைப்படம், அம்மணி" என்று ஆங்கிலத்தில் சொல்லித் திருப்பித் தந்தார். அவரது காது சிவந்திருந்தது. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

தீபன் எங்கள் நடுவே பாய்ந்து வந்தான். "மன்னிக்க வேண்டும். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அந்த மனிதர் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் உள்ளே இருந்த அவனுடைய மனேஜருக்கு முன்னால் என் மகன் அந்த இடத்திலேயே பொய்யனாகிவிடுவான். கூட்டத்தை நடத்திய மூதாட்டி வந்து அவன் தோளில் கை வைத்து, "அம்மாவைச் சிரமப்படுத்த வேண்டாம். பேச்செல்லாம் தேவையில்லை, சாப்பிடட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்து, வயிற்றைத் தொட்டு, சாப்பிடுவதுபோலச் சைகை காட்டினார். நானும் சைகையிலேயே தலையாட்டினேன். கால் நூற்றாண்டாக ஆங்கிலம் கற்பித்தவள் அன்று ஒரு சொல் ஆங்கிலமும் தெரியாதவளாக மேசைக்குப் போனேன்.

வோல்ட்டரின் சக்கர நாற்காலி வாசலைப் பார்த்தபடி இருந்தது. எல்லாவற்றையும் கண்டிருப்பார். மெலிந்த மனிதர். கைகள் மட்டும் பெரியவை. "உன் அம்மா! கடைசியில் வந்துவிட்டார்" என்று தீபனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, நலமா என்று கேட்க வாயெடுத்தார்.

"வோல்ட்டர், அம்மாவுக்கு ஆங்கிலம்... நான் மொழிபெயர்க்கிறேன்" என்றான் தீபன்.

பல மாதங்களாக என் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். தீபனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் பொய்யில் அவரும் அமைதியாக வந்து சேர்ந்துகொண்டார்.

எனக்கு மீனும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன, மற்றவர்களுக்கு இறைச்சி. தீபன் வோல்ட்டரின் கழுத்தில் துவாலையைக் கட்டினான். அவருடைய இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாக அவர் கரண்டிக்கு எட்டும் பக்கம் தள்ளி வைத்தான். அவர் இருமியபோது கேட்காமலே முதுகைத் தடவினான். அவனுடைய வேலையை நான் அன்றுதான் பார்த்தேன். இதையா மறைத்தோம் என்று நினைத்தபடி அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தான் சாப்பிட்டு முடித்ததும் வோல்ட்டர் பேசத் தொடங்கினார். தீபனைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் சொற்களை எனக்காக ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார்.

"நான் கப்பலின் ஏணியடியில் காவல் நின்றவன். அதை அம்மாவுக்குச் சொல்."

"ஏணியடியில சென்றிக்கு நிண்டவராம்" என்றான் தீபன்.

"ஒவ்வொரு காலையும் கரையிலிருந்து டோபிகளின் படகு வரும். எங்கள் உடுப்பையெல்லாம் அவர்கள்தான் துவைத்தார்கள். மேலே ஏற முன் நாங்கள் அவர்களைச் சோதிப்போம். மூட்டையை அவிழ்க்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். வெள்ளை உடுப்பை நாங்கள் ஊத்தைத் தளத்தில் கொட்டிக் கிளறுவோம். பிறகு அழுக்காக இருக்கிறதென்று அவர்களையே ஏசுவோம்."

தீபன் பாதியைச் சொன்னான், பாதியை விட்டான். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த அன்று துறைமுகம் முழுக்கச் சங்கு ஊதியது. ரம் கொடுத்தார்கள். ஆட்கள் உடுப்போடு கடலில் குதித்தார்கள். அடுத்த காலை எனக்கு மண்டையிடி. டோபிகளின் படகு வந்தது. வரிசையில் முதலாவதாக ஒரு வயதான ஆள். 'சண்டை முடிஞ்சுது, மாஸ்ரர்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்."

வோல்ட்டர் தன் பெரிய கைகளைத் தூக்கிக் காட்டினார். தோளுக்கு மேலே போகவில்லை.

"கையை இறக்கு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. காலை நேரம், காலையில் நாங்கள் செய்வது அதுதான். நான் அவரைச் சோதித்தேன். மூட்டையைக் கொட்டினேன்."

தீபன் மொழிபெயர்க்கவில்லை. "சொல் அவருக்கு" என்றார் வோல்ட்டர்.

"சண்டை முடிஞ்ச அடுத்த நாளும்..." என்று தொடங்கினான். "அடுத்த நாளும் அவையள் வந்து..." பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். பக்கத்து மேசையில் அவனுடைய மனேஜர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய போரைப் பற்றி நான் எழுதிய உரை மடியில் கைப்பைக்குள் கிடந்தது. அதில் கப்பலின் பீரங்கிகள் இருந்தன, அது சுற்றிய கடல்கள் இருந்தன. துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்தப் படகில் வந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

வோல்ட்டர் தீபனின் முகத்தைக் கவனித்துவிட்டார். "போகட்டும். கிழவன் அலட்டுகிறான், சாப்பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று சொல்" என்றார் ஆங்கிலத்தில்.

தீபன் என் பக்கம் திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைக் கரையைப் பார்த்தபடி, தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"அம்மா, நான் பிழை விட்டிட்டன். பயத்தில வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லுறார்."

வோல்ட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், தான் சொன்னதற்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. அவருடைய தட்டு எப்போதோ காலியாகியிருந்தது. தீபன் தன் தட்டில் இன்னும் கைவைக்கவில்லை.

"சாப்பாடு ஆறுது. முதல்ல சாப்பிடச் சொல்லு" என்றேன்.

தீபன் அவர் பக்கம் திரும்பி, "நன்றி சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு முள்ளுக்கரண்டியை எடுத்து, குனிந்த தலை நிமிராமல், ஆறிப்போன உருளைக்கிழங்கைச் சாப்பிடத் தொடங்கினான்.